வேந்தர் தூங்கிய பிற்பகல்

பாட்டு முடிந்தது. அதன் பிறகு வானொலியில் ஒன்றுமே வரவில்லை.

ஆய்வாளர் மாவுக்கட்டுப் போட்ட வலது காலை முக்காலி மேல் நீட்டிக்கொண்டு காத்திருந்தார். எதிர் நாற்காலியில் வானொலிப் பெட்டி உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டில் எதிர் நாற்காலிக்கு வேறு ஆள் இல்லை. மகன் கடல் தாண்டிப் போய்விட்டான். கணவர் அதையும் தாண்டிப் போய்விட்டார். ஒரு திருடனைத் துரத்தி மாடிப்படியில் உருண்டு, மருத்துவ விடுப்பில் வீட்டோடு கிடந்தபோதுதான் தன் வீடு எவ்வளவு அமைதியானது என்பது அவருக்குத் தெரிந்தது. திருடன்கூட அவரைவிட நல்ல சகவாசத்தில் இருந்தான். அவன் சிறையறையில் நாலு பேர்.

பிற்பகல் நிகழ்ச்சியின் பெயர் ‘உங்களோடு நான்’. அதில் ‘நான்’ தாராளமாகவே இருந்தது. நடத்துபவர் வானலை வேந்தர். அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று விசாரித்தால், வாங்கிக்கொண்டவரே கொடுத்தார் என்று தெரியவரும். தினமும் எடுத்த எடுப்பில் அவர் அடிவயிற்றிலிருந்து, “சாப்டாச்சா?” என்று கேட்பார். ஆய்வாளர், “ஆச்சு” என்பார். இத்தனை வருடம் கேடிகளை உருட்டி மிரட்டிய வாய் ஒரு பெட்டிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதை யாரும் பார்க்கவில்லை என்பதில் அவருக்கு நிம்மதி. யாரும் பார்க்கவில்லை என்பதுதான் வருத்தமும்.

இன்றைக்கும் எல்லாம் வழக்கப்படிதான் நடந்தது. முதலில் வேந்தரின் சிந்தனை; அது நீளம். பிறகு இரண்டு பாட்டு. பிறகு வாழ்வியல் நேரம். குறிப்பு அக்கா வந்து, இஞ்சியும் தேனும் கலந்த வெந்நீர் தொண்டைக்கு எவ்வளவு இதம் என்று சொன்னார். ஊற்றும் சத்தம் கேட்டது. வேந்தர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. ‘ஸ்ர்ர்ர்ப்’ என்று இழுத்து, முடிவில் பல்லி உச்சுக் கொட்டியதுபோல ஒரு ‘டிக்’. “ஆஹா. அமிர்தம்.” அப்புறம் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். ணிங், ணிங், ணிங். அது அவருடைய முத்திரை. தட்டினால் பகுதி முடிந்தது என்று பொருள். இன்றைக்கு என்ன உற்சாகமோ, கோயில் மணி மாதிரி தட்டிக்கொண்டே போனார். “போதும் சார், உடைஞ்சிடப் போகுது” என்று அக்கா சொன்னதுகூட ஊரெல்லாம் கேட்டது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் இடைவிடாத இசை.

இசைக்குப் பிறகு மாடித்தோட்டத்து அம்மா கூப்பிடும் நேரம். ஆய்வாளர் உண்மையில் காத்திருந்தது அவருக்காகத்தான். வயதான, கொஞ்சம் மூச்சிரைக்கும் குரல். தினமும் நிகழ்ச்சிக்குத் தொலைபேசியில் வந்து தொட்டிச் செடிகளைப் பற்றிப் பேசுவார். நடுவில், “நான் ஒண்டிக்கட்டை, எனக்கு இதுங்கதான் பேச்சுத்துணை” என்பார். அவர் பேச்சைக் கேட்டுத்தான் ஆய்வாளரின் சன்னலோரத்தில் ஒரு தக்காளிச் செடி வளர்ந்துகொண்டிருந்தது.

ஆனால் இன்று அம்மாவும் வரவில்லை, வேந்தரும் வரவில்லை. பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பக்கத்து அலைவரிசைகள் பாடிக்கொண்டுதான் இருந்தன. இது மட்டும் கிணறு மாதிரி கிடந்தது. பத்து நிமிடம் பொறுத்துவிட்டு நேயர் தொலைபேசி எண்ணுக்குக் கூப்பிட்டார். வாழ்க்கையில் முதல் முறை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

கடைசியில் ஒரு கரகரத்த குரல், “தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால்” என்று ஆரம்பித்து, அதை முடிக்காமலே ஒரு பாட்டைப் போட்டது. ஆய்வாளர் தன் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார்.

“மேடம், நானே கூப்பிடணும்னு இருந்தேன்,” என்றார் உதவி ஆய்வாளர். “ரேடியோ நிலையத்துக்குத்தான் வண்டி ஏறுறேன். பிற்பகல் புரோகிராம் பண்றவரு மயங்கிக் கிடந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. உயிருக்கு ஒண்ணும் இல்ல.”

“எனக்கு ஒரு வண்டி அனுப்பு.”

“கால் கட்டு?”

“அதையும் கூடவே எடுத்துட்டு வர்றேன்.”

*

நிலைய இயக்குநர் வாசலிலேயே ஒரு சொற்பொழிவுடன் நின்றார். இது மக்களின் நிலையம் என்றார். நம்பகத்தன்மையே எங்கள் மூச்சு என்றார். “சார் மயங்கினதுலேருந்து நேயர்கள் போன் பண்ணிப் பண்ணி லைனே கிடைக்கல. ஜனங்க துடிச்சுப் போயிட்டாங்க” என்றார். ஆய்வாளர் ஊன்றுகோலை ஊன்றி அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்.

உதவி ஆய்வாளர் அதற்குள் வழக்கை முடித்து வைத்திருந்தார். இளம் வயது, முடிப்பதில் ஆர்வம் அதிகம்.

“ரொம்பத் தெளிவா இருக்கு மேடம். அந்தக் குறிப்பு அக்கா ஒரு இஞ்சித் தண்ணி குடுத்திருக்கு. அவர் குடிச்சத ஊரே கேட்டிருக்கு. அரை மணி நேரத்துல ஆள் சாஞ்சிட்டாரு. மேசையில கப்பு இருந்தது, பாதிக்கு மேல மிச்சம். ஆஸ்பத்திரியில பாத்துட்டாங்க, தூக்க மாத்திரை கரைச்சிருக்கு. காலையில ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டை வேற. அக்காவோட நேரத்தைப் பாதியா வெட்டிட்டாராம்.”

“அறையில வேற என்ன இருந்தது?”

“அவரு பை. அதுல சீப்பு, அவர் படமே நாலு, ஒரு காலி இருமல் மருந்து பாட்டில். பாட்டுக்காரங்க, பேச்சுக்காரங்க தொண்டைக்கு ஏதாவது வெச்சிருப்பாங்கல்ல.”

ஆய்வாளர் பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

ஒலிபரப்பு அறை, வீட்டுச் சாமான் அறை அளவுதான் இருந்தது. வானொலியில் அது அரண்மனை. சுவரெல்லாம் தடித்த பஞ்சுத் துணி. ஒரு மேசை, ஒலிவாங்கி, இரண்டு நாற்காலி. ஒரு பக்கம் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் ஒலிக்காரரின் இருக்கை. கதவின் உட்பக்கம் ஒரு தாழ்ப்பாள், இப்போது திருகாணியோடு பிய்ந்து தொங்கியது. ஒரு முறை வேந்தர் சிந்தனை சொல்லிக்கொண்டிருக்கும்போது பெருக்குகிற பெண் உள்ளே வந்து, “கொஞ்சம் காலைத் தூக்குங்க” என்று சொன்னது அப்படியே ஒலிபரப்பாகிவிட்டதாம். அதிலிருந்து அவர் தனியாக இருந்தால் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். கதவில் ஓர் அறிவிப்பு: ‘தண்ணீர், பானம் எதுவும் உள்ளே கொண்டு வரக் கூடாது. கருவிகள் பழுதாகும்.’

நடைபாதை மேசையில் ஒரு பழைய தொலைபேசி இருந்தது. நேயர் தொலைபேசி. அதன் சின்னத் திரையில், எடுக்கப்படாத அழைப்பு ஒன்று என்று காட்டியது. ஆய்வாளர் அந்த எண்ணைப் பார்த்தார். அவருடைய எண்தான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

“ஜனங்க துடிச்சுப் போயிட்டாங்க” என்றார் இயக்குநர் பின்னாலிருந்து.

“ஆமா. தெரியுது,” என்றார் ஆய்வாளர்.

*

குறிப்பு அக்கா சந்திப்பு அறையில், ஒரு பெண் காவலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தொடும் வயது. கண் கதவு மேலேயே இருந்தது.

“மேடம், என்னை என்ன வேணாலும் கேளுங்க. சீக்கிரம் கேளுங்க. என் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து பூட்டின கதவு முன்னாடி உக்காந்திருப்பா. சாவி என் கையில. இவங்க ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேங்கறாங்க. நான் போயிட்டா அவளுக்கு யாரு?”

“அவருக்கு என்ன குடுத்தீங்க?”

“ஒண்ணும் குடுக்கல.”

“இஞ்சித் தண்ணி?”

“அது பிளாஸ்க்ல வெளிய மேசையில இருந்தது. உள்ளயே போகல. அவரு ஒரு சொட்டுகூடக் குடிக்கல மேடம். சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.”

உதவி ஆய்வாளர் சிரித்தார். “நானே ரேடியோவுல கேட்டேங்க.”

“அக்கா பதட்டத்துல பேசுறாங்க” என்று இயக்குநர் அவசரமாகக் குறுக்கிட்டார். “எங்க நிலையத்துல குடிச்சார்னு சொன்னா குடிச்சார்தான்.”

ஆய்வாளர் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. “முதல்ல அவரைப் பாத்தது நீங்கதானே? பாட்டு முடிஞ்சு பத்து நிமிஷத்துக்கு மேல சத்தமே இல்ல. அதுவரைக்கும் எங்க இருந்தீங்க?”

அக்கா இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மேற்கூரையைப் பார்த்தார்.

“உங்க பொண்ணு காத்திட்டிருக்கு,” என்றார் ஆய்வாளர்.

அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். அடுத்து அவர் வாயிலிருந்து வந்தது வேறு குரல். வயதான, கொஞ்சம் மூச்சிரைக்கும் குரல்.

“நான் ஒண்டிக்கட்டைம்மா. எனக்கு இதுங்கதான் பேச்சுத்துணை.”

உதவி ஆய்வாளர் வாயைப் பிளந்தார். ஆய்வாளர் நகரவில்லை. ஆனால் உடலுக்குள் எங்கோ ஒரு நாற்காலி காலியானதுபோல இருந்தது.

“நேயர்னு யாரும் கூப்பிடுறதில்ல மேடம்,” என்றார் அக்கா, தன் குரலில். “வருஷக்கணக்கா இல்ல. மாடித்தோட்டத்து அம்மா நான்தான். புதன்கிழமை வர்ற கல்லூரி மாணவியும் நான்தான். ஓய்வுபெற்ற மேஜர் ஒருத்தர் வருவாரே, அது நம்ம ஒலிக்காரர். இன்னிக்கும் பக்கத்து ரூம்ல ஒலிவாங்கியப் பிடிச்சிட்டுத் தயாரா இருந்தேன். அவரு பேசல. இடைவெளி விடுறாருன்னு நினைச்சேன். அவரு இடைவெளி விட்டுப் பேசுறதுல பேர் போனவரு. ஆனா பத்து நிமிஷமெல்லாம் விட மாட்டாரு. அப்புறம்தான் ஓடிப்போய்க் கத்தினேன்.”

“தக்காளி இலை மஞ்சளாச்சுன்னா மேல்மண்ணக் கிளறச் சொன்னீங்க.”

“ஏதோ புத்தகத்துல பாத்தது. எங்க வீட்டுல தொட்டி வைக்கவே இடமில்ல.”

“என் செடி பூ விட்டிருக்கு,” என்றார் ஆய்வாளர். பிறகு அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவர் மாதிரி எழுந்து, “ஒலிக்காரர் எங்க?” என்றார்.

*

ஒலிக்காரர் கண்ணாடிக்குப் பின்னால், பொத்தான்கள் நிறைந்த தன் மேசை முன் வியர்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்து நின்றார்கள்.

“பாட்டு ஓடும்போது இங்கதான் இருந்தீங்களா?”

“இல்லீங்க. அரை மணி நேரமும் தானா ஓடும். பின்படிக்கட்டுல போன் பேசிட்டிருந்தேன். எனக்கு நிச்சயம் ஆகியிருக்கு.”

“வாழ்த்துக்கள். நீங்க எந்திரிக்கறப்ப அக்கா எங்க இருந்தாங்க?”

“வெளிய வந்துட்டாங்க. வெறுங்கையோட. அவங்க வந்ததுமே சார் எந்திரிச்சுத் தாழ்ப்பாள் போட்டாரு. அதைப் பாத்துட்டுத்தான் நான் போனேன். அப்புறம் உடைச்சுத்தான் திறந்தோம்.”

“நேயர் தொலைபேசிக்கு எப்பவும் இணைப்பு உண்டா?”

“அது அலமாரியில கிடந்ததுங்க. இன்னிக்குக் காலையில சாரே எடுத்துத் தூசி தட்டி, மணியெல்லாம் சரிபார்த்து மாட்டினாரு. எதுக்குன்னு தெரியல.”

“இன்னிக்கு ஒலிபரப்பானது பதிவாகி இருக்கும்ல? வாழ்வியல் நேரத்தைப் போடுங்க.”

போட்டார். ஊற்றும் சத்தம். ‘ஸ்ர்ர்ர்ப்’, டிக்.

“நேத்து பழச்சாறு குடிச்சாரே, அதைப் போடுங்க.”

‘ஸ்ர்ர்ர்ப்’, டிக்.

“போன வாரம் சூப்பு.”

‘ஸ்ர்ர்ர்ப்’, டிக்.

உதவி ஆய்வாளர் காதைத் தேய்த்துக்கொண்டார். “எல்லாம் ஒரே மாதிரி இருக்கே.”

“ஒரே மாதிரி இல்ல, ஒண்ணேதான். சூடு, குளிர்ச்சி, கெட்டி, தண்ணி, எதைக் குடிச்சாலும் கடைசியில அதே டிக். நான் தினம் கேக்கறவ. பல்லுல பட்ட சத்தம்னு நினைச்சிட்டிருந்தேன். எந்தப் பொத்தான்?”

ஒலிக்காரர் இயக்குநரைப் பார்க்காமல் ஒரு மஞ்சள் பொத்தானை அழுத்தினார். அறை முழுக்க யாரோ உறிஞ்சினார்கள். “எனக்கு முன்னாடி இருந்தவர் பதிவு பண்ணினதுங்க. அவரு பல்செட்டுச் சத்தம்தான் அந்த டிக். உள்ள தண்ணி கொண்டு போகக் கூடாதுல்ல. ஊத்தற சத்தமும் பொத்தான்தான். அதனால கப்பு எப்பவுமே காலி.”

“இது நிலையத்தின் ரகசியம்” என்றார் இயக்குநர் தழதழத்த குரலில். “ஜனங்க எங்க உறிஞ்சற சத்தத்த நம்பறாங்க.”

“அந்த நம்பிக்கையக் காப்பாத்த ஒரு பொம்பளைய உள்ள தள்ளப் பாத்தீங்க.”

“மேடம், உறிஞ்சினது பொய்யாவே இருக்கட்டும்,” என்றார் உதவி ஆய்வாளர், விட மனமில்லாமல். “கப்புல தண்ணி நிஜமாவே இருந்ததே. அக்கா இன்னிக்கு மட்டும் நிஜமா ஊத்தியிருந்தா?”

“நல்ல கேள்வி. கப்பத் தட்டுறாரே, அதுவும் பொத்தானா?”

“இல்லீங்க,” என்றார் ஒலிக்காரர். “அது ஒண்ணுதான் அவரு நிஜமாச் செய்யறது. அதான் அக்கா நடுவுல பேசினது சேர்ந்து கேட்டது.”

ஆய்வாளர் அதே மாதிரிப் பீங்கான் கோப்பை ஒன்றும் கரண்டியும் வாங்கிக்கொண்டார். காலிக் கோப்பையைத் தட்டினார். ணிங். பாதிவரை தண்ணீர் ஊற்றித் தட்டினார். கோப்பை சளி பிடித்ததுபோல, ‘டொங்’ என்றது.

“இப்ப இன்னிக்குப் பதிவு.”

ணிங், ணிங், ணிங், ணிங். “போதும் சார், உடைஞ்சிடப் போகுது.” ணிங்.

உதவி ஆய்வாளர் கோப்பையை எட்டிப் பார்த்தார்.

“கடைசித் தட்டு வரைக்கும் கப்பு காலி,” என்றார் ஆய்வாளர். “உடனே பாட்டு. அக்கா வெறுங்கையோட வெளிய வர்றாங்க. உள்ள தாழ்ப்பாள். உடைச்சுத் திறக்கறப்ப கப்புல பாதிக்கு மேல தண்ணி. நடுவுல உள்ள இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த இருமல் மருந்து பாட்டில மோந்து பாரு தம்பி. எந்த இருமல் மருந்து இஞ்சியும் தேனுமா வாசம் அடிக்கும்? காலையில அக்கா பிளாஸ்க்லேருந்து பிடிச்சு, தூக்க மாத்திரையக் கரைச்சுப் பையில வெச்சிருக்காரு. தனியானதும் கொஞ்சம் குடிச்சிட்டு, மிச்சத்தக் கப்புல ஊத்தியிருக்காரு. வேந்தருக்கு மருந்து வெச்சது வேந்தர்தான்.”

“ஆனா கப்பு எப்பவும் காலின்னு அவருக்குத் தெரியாதா?” என்றார் உதவி ஆய்வாளர். “பாட்டில்லயே விட்டிருக்கலாமே.”

“அங்கதான் அவரு கோட்டை விட்டாரு. இங்க இருக்கற வேற யாராவது செஞ்சிருந்தா கப்பத் தொட்டிருக்க மாட்டாங்க. அக்காவுக்குத் தெரியும், இந்த ஒலிக்காரருக்குத் தெரியும், அது வெறும் சத்தம்னு. ரேடியோவுல கேட்டத அப்படியே நம்பின ஒரே ஆள் அந்த வேந்தர்தான். தினமும் ஆஹான்னு சொல்லிச் சொல்லி, தான் குடிச்சதாவே நினைச்சிட்டாரு.”

குறிப்பு அக்கா எழுந்து நின்றார். சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டார். “நான் போலாமா?”

“வண்டியிலயே கொண்டு விடச் சொல்றேன்.”

கதவருகே அக்கா நின்றார். “மேடம், பூ விட்டதும் தண்ணி கொஞ்சம் குறைக்கணும். இது புத்தகம் இல்ல, எங்கம்மா சொன்னது.” பிறகு வேகமாகப் படியிறங்கினார்.

*

மறுநாள் பிற்பகல். ஆஸ்பத்திரி நடையில் யாரோ வைத்திருந்த வானொலியில் ‘உங்களோடு நான்’ நேரத்துக்கு வெறும் பாட்டாகப் போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

வேந்தர் கட்டிலில் சின்னதாக இருந்தார். ஒலிவாங்கி இல்லாத அவர் குரலும் சின்னதாகத்தான் இருந்தது. மெலிந்து, கொஞ்சம் மூக்கால் வந்தது. ஆய்வாளர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவர் மறுக்கவில்லை. அவருக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

“எத்தனை பேர் கூப்பிட்டாங்க?”

“ஒருத்தர்.”

“யாரு?”

“நான்.”

“எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு.”

“அடுத்த மாசத்துலேருந்து கணினியே பாட்டுப் போட்டுக்கும், நீங்க வேண்டாம்னுட்டாரு இயக்குநர்,” என்றார் அவர். “நேயர் யாரு கூப்பிடறா, காட்டுங்கன்னாரு. சத்தம் நின்னா தெரியும் பாருங்கன்னு மனசுல நினைச்சேன். நான் பேசாம இருந்தா, ஊரே கலங்கி… போன் நிக்காம அடிக்கும்னு…”

“அந்த அக்கா ஜெயிலுக்குப் போயிருப்பாங்க.”

“அவங்களை நினைக்கவே இல்ல. சத்தியமா. நேயர்கள் என்ன கேட்டாங்களோ அதுக்குப் பொருத்தமா இருக்கணும்னுதான்… நான் குடிச்சதைத்தானே கேட்டாங்க.”

“நீங்க குடிக்கல.”

வேந்தர் உதட்டைத் தொட்டுப் பார்த்தார். “ஆமால்ல,” என்றார்.

“அதான் குத்தம். மத்தவங்க யாரும் உங்களுக்கு நினைவே வராதது,” என்றார் ஆய்வாளர். குரலில் கடுமை குறையவில்லை. “வழக்கு உண்டு. அக்கா மன்னிச்சாலும் உண்டு. வாக்குமூலம் எழுதணும். சொல்லுங்க.”

“எங்கேருந்து?”

“ஆரம்பத்துலேருந்து.”

வேந்தர் தலையணையில் நிமிர்ந்து, தொண்டையைச் செருமி, அடிவயிற்றிலிருந்து தொடங்கினார். “காலம் என்பது ஒரு…”

“அந்தக் குரல் வேண்டாம். இப்ப பேசினீங்களே, அது.”

அவர் தயங்கினார். பிறகு அந்த மெலிந்த குரலில் பேச ஆரம்பித்தார். ஆய்வாளர் கால்கட்டை நாற்காலி மேல் வசதியாக வைத்துக்கொண்டு எழுதினார். நடுவில் ஒரு முறை சிரித்தார். ஒரு முறை, “அப்புறம்?” என்று கேட்டார். அதைக் கேட்டதும் வேந்தருக்கு முகம் சிவந்தது. இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

பார்வையாளர் நேரம் முடிந்து மணியடித்தது. உதவி ஆய்வாளர் கதவுக்குள் தலையை நீட்டினார்.

“மேடம், ஒரு பக்க வாக்குமூலம்தானே? இன்னும் முடியலையா?”

“நீ போய்ட்டு அப்புறமா வாப்பா,” என்றார் ஆய்வாளர், நிமிராமலே. “இப்பதான் அஞ்சாங்கிளாஸ் வந்திருக்காரு.”